29சி பற்றி நீங்கள் கேட்டவை

பெரம்பூர் – பெசன்ட் நகர் 29சி பேருந்து குறித்து வந்த கேள்விகளில் சில.

29சி-யில் மட்டும் எந்நேரமும் ஏன் இவ்வளவு கூட்டம்?
– வாசகர், ஓட்டேரி

சென்னையின் பழைய தடங்களில் பல பாரிமுனையை மையமாக வைத்தவை. 29சி அந்தப் பக்கமே போகாது. புரசைவாக்கம், நுங்கம்பாக்கம், ஜெமினி, லஸ், மந்தைவெளி, அடையாறு என்று வடசென்னையையும் தென்சென்னையையும் நேராக இணைக்கிறது. இதையே ரயிலில் போக வேண்டுமானால் சென்ட்ரல் வந்து, பறக்கும் ரயிலுக்கு மாறி, திருவான்மியூரில் இறங்கி, மறுபடி பேருந்து பிடிக்க வேண்டும். புரசையில் ஏறியவர் ஜெமினியில் இறங்கினால், அந்த இருக்கைக்கு அங்கேயே ஆள் நிற்கும்.

அரைமணி நேரம் வண்டியே வராது. வந்தால் இரண்டு சேர்ந்து வரும். ஓட்டுநர்கள் பேசி வைத்து வருகிறார்களா?
– வாசகி, மந்தைவெளி

இல்லை. கணக்குப் போட்டால் விளங்கும். 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி, நிறுத்தத்தில் நிமிடத்துக்கு 2 பேர் சேர்கிறார்கள், ஒருவர் ஏற 3 விநாடி என்று கொள்வோம். ஒரு வண்டி சிக்னலில் 3 நிமிடம் தாமதித்தால், அடுத்த நிறுத்தத்தில் 20 பேருக்குப் பதில் 26 பேர் நிற்பார்கள். ஏற்றவே 18 விநாடி கூடுதல். பின்னால் வரும் வண்டிக்கோ 14 பேர்தான். அது 18 விநாடி முந்திக் கிளம்பிவிடும். நிறுத்தத்துக்கு நிறுத்தம் இந்த வித்தியாசம் கூடி, ஏழெட்டு நிறுத்தத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். படிக்கட்டுத் தொங்கல் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

வண்டிகளைக் கூட்டினால் மட்டும் இது தீராது. முனையத்தில் டைம் கீப்பர் இடைவெளி பார்த்து அனுப்ப வேண்டும். பிந்திய வண்டியைக் கட் சர்வீஸாக நடுவழியில் திருப்பலாம். பயணிகள் செய்யக்கூடியது: பின்னாலேயே இன்னொன்று வருவது தெரிந்தால் அதில் ஏறுங்கள். இடமும் இருக்கும், பெரும்பாலும் அதுவே முந்திப் போகும். ‘சென்னை பஸ்’ செயலியில் வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கலாம்.

பெண்களுக்கு எல்லா வண்டியிலும் இலவசமா?
– வாசகி, அயனாவரம்

சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும். 2021 மே மாதம் தொடங்கிய திட்டம் இது. அடையாளத்துக்காகப் பிறகு முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். எக்ஸ்பிரஸிலும் டீலக்ஸிலும் பணம் உண்டு. இலவசம் என்றாலும் நடத்துநரிடம் சீட்டு வாங்கத் தவறாதீர்கள். எத்தனை பெண்கள் பயணிக்கிறார்கள் என்ற கணக்கே அதை வைத்துத்தான்.

பல்லவன் எப்போது எம்.டி.சி. ஆனது?
– வாசகர், அடையாறு

பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972 ஜனவரி 1 அன்று உருவானது. 1994-ல் நகரின் வடபகுதிக்கென அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. 1997-ல் இரண்டுக்கும் மாநகரப் போக்குவரத்துக் கழகம் (எம்.டி.சி.) என்று பெயர் மாறியது. 2001-ல் மீண்டும் ஒன்றாயின.

மெட்ரோ வந்தால் 29சி நின்றுவிடுமா?
– வாசகர், பெரம்பூர்

மாதவரம் – சிறுசேரி மெட்ரோ பாதை பெரம்பூர், புரசைவாக்கம், நுங்கம்பாக்கம், ஜெமினி, மயிலாப்பூர், அடையாறு என்று ஏறக்குறைய 29சி-யின் தடத்தில்தான் போகிறது. ஆனால் அடையாறிலிருந்து திருவான்மியூருக்குத் திரும்பிவிடும். பெசன்ட் நகரில் நிலையம் கிடையாது. திருமயிலை நிலையம் மிக ஆழத்தில் அமைகிறது. இரண்டு நிறுத்தம் போகிறவர் அவ்வளவு இறங்கி ஏற மாட்டார். முழுத் தடத்தில் வண்டி குறைந்தாலும் அடையாறு – பெசன்ட் நகர் பகுதிக்கு இப்போதைவிட அதிக நடைகள் தேவைப்படும். அதை மெட்ரோ ஓடத் தொடங்குமுன்பே திட்டமிட வேண்டும்.