வாஷிங் மெஷின் ஷாக் அடிக்கிறது என்றால்

கடலூர் முதுநகர் வாடகை வீட்டில் வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது, ஆனால் இரவெல்லாம் செருகியிருக்கும் மொபைல் சார்ஜர்தான் பயம் என்கிறீர்கள். முதலில் மெஷினைக் கவனியுங்கள். சுவிட்சை அணைத்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சரிசெய்யும்வரை போடவே வேண்டாம்.

பெரும்பாலும் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வயர் இணைப்பு, வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஈரத் தரை, வெறுங்கால், 230 வோல்ட். உயிர் போவது இப்படித்தான். எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மேல் பாய்ந்தால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அது வயரைக் காக்க வைத்தது. 10 ஆம்பியர் எம்சிபி அதற்கு மேல் போனால்தான் விழும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும்.

கடலோர உப்புக்காற்றில் எர்த் இணைப்பு அரித்துப்போவது சகஜம். எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். அப்புறம் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம். வீட்டுக்காரர் தயங்கினால் நீங்களே போட்டுவிட்டு வாடகையில் கழிக்கக் கேளுங்கள்.