மூணு ஈத்தும் காளைக்கன்னு: பெண் கன்று ஊசி போடலாமா?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பு மாடு மூன்று ஈற்றிலும் காளைக்கன்றுதான் போட்டது. இப்போது இரண்டு முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. பெண் கன்று பிறக்கும் ஊசியைப் போடலாமா? கொட்டிலில் பருவத்துக்கு வந்த கிடாரி ஒன்றும் இருக்கிறது.
- ஒரு வாசகர், பேரையூர்

பதில்: போடலாம். ஆனால் அந்த மாட்டுக்கு வேண்டாம், கிடாரிக்குப் போடுங்கள்.

மூன்றும் காளையானதில் மாட்டின் குற்றம் ஏதுமில்லை. கன்று ஆணா பெண்ணா என்பது காளையின் விந்தணுவைப் பொறுத்தது. எக்ஸ் அணு சேர்ந்தால் கிடாரி, ஒய் அணு சேர்ந்தால் காளை. மாட்டினத்தில் எக்ஸ் அணுவில் மரபுப்பொருள் சுமார் 4 சதவீதம் கூடுதல். இந்தச் சின்ன வித்தியாசம்தான் ஊசியின் சூட்சுமம். அணுக்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிடுவார்கள். கூடுதலாக ஒளிர்வதை மின்னூட்டம் கொடுத்துத் தனியே பிரித்துக்கொள்வார்கள். 1989-இல் அமெரிக்காவில் முயல்களில் குட்டி எடுத்துக் காட்டிய முறை இது; இன்று தமிழ்நாட்டிலேயே இப்படிப் பிரித்த உறைவிந்து தயாராகிறது. (மனித அணுவிலும் இந்த வித்தியாசம் உண்டு, சுமார் 2.8 சதவீதம். ஆனால் குழந்தைக்குப் பாலினம் தேர்வது நம் நாட்டில் குற்றம்.)

பிறக்கும் கன்றுகளில் சுமார் 90 சதவீதம் கிடாரி. பத்தில் ஒன்று காளையாகவும் விழும். அதற்காக ஊசி போட்டவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

சிக்கல் சினை பிடிப்பதில் இருக்கிறது. உறைவிந்து அடைத்த சாதாரணக் குச்சி ஒன்றில் 2 கோடி அணுக்கள் இருந்தால், இதில் 20 லட்சம்தான் இருக்கும். சாயம், லேசர், அழுத்தம் எல்லாம் பட்டு வந்தவை என்பதால் கருப்பையில் அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. அதனால்தான் சாதாரண ஊசிக்கே நிற்காத மாட்டுக்கு வேண்டாம் என்கிறேன். அதற்கு முதலில் கருப்பையைச் சோதிக்கச் சொல்லுங்கள். பருவத்தில் வழியும் திரவம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாகவோ சீழ் கலந்தோ வருகிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தாது உப்புக் கலவையும் கொடுங்கள். அப்புறம் சாதாரண ஊசியே போதும்.

கிடாரி 250 கிலோவை ஒட்டியிருந்தால் தாராளமாகப் போடலாம். பெண் கன்று சற்றுச் சிறியது என்பதால் தலையீற்றும் சுலபம். ஆனால் நேரம் முக்கியம். இன்னொரு மாடு மேலே ஏறும்போது கிடாரி அசையாமல் நிற்கத் தொடங்கியதிலிருந்து கணக்கு வைத்து, 16 முதல் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். மாலை 6 மணிக்கு நின்றால் மறுநாள் காலை 10 மணிக்கு மேல், மாலை 6 மணிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நின்றால்தான் கஷ்டம், ராத்திரியில் யார் வருவார்? மறுநாள் விடியற்காலை வரச் சொல்லிவிடுங்கள். உருக்கிய குச்சியை வெயிலில் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தால் உள்ள அணுவும் போச்சு. கத்திரி வெயில் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

தேதியையும் காளையின் எண்ணையும் குறித்து வையுங்கள். நாளை பிறக்கும் கிடாரிக்கு அதே காளையின் விந்தைப் போட்டுவிடக் கூடாது. 21-ஆம் நாளை ஒட்டி மறுபடி பருவத்துக்கு வந்து கத்துகிறதா என்று கவனியுங்கள். கத்தாவிட்டாலும் சினை என்று முடிவுகட்டாமல், மூன்றாம் மாதத்துக்குள் சினைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.