துருவைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, இரும்புத் துருவின் வேதியியலைப் படித்தால் உங்கள் மகளுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டுப் போன வாரம் நீங்கள் கண் கலங்கியபோது ஆறுதல் சொல்லி அனுப்பினேன். இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டை அடமானம் வைத்தாவது மகளைக் கணினிப் பொறியியலில் சேர்க்கச் சொல்லும் உங்கள் மைத்துனரின் யோசனை தவறு. கடனைக் கட்டப்போவது நீங்கள், நான்கு ஆண்டுகள் படிக்கப்போவது அவள். அதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன்.

அவளுடைய நோட்டைப் பார்த்தேன். உரம் கரைத்த தண்ணீரில் துருத்தூளைப் போட்டு, மாலிப்டேட் என்ற வேதிப்பொருள் தரும் நீல நிறத்தைக் கொண்டு, உரத்திலுள்ள பாஸ்பேட் என்ற பயிர்ச்சத்தில் நீரில் மீதமுள்ளதை அளந்திருக்கிறாள். காரம் சேர்த்ததும் துரு பிடித்துவைக்கும் அளவு குறைந்துவிட்டது. பக்க ஓரத்தில் "ஏன்?" என்று மூன்று முறை எழுதி அடிக்கோடிட்டிருக்கிறாள்.

அந்த "ஏன்" ஒரு துறையின் வாசல். துரு என்பது இரும்பு ஆக்சைடு. அதன் மேற்பரப்பெங்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணைகள், இருக்கின்றன. பாஸ்பேட் அவற்றை வெளியேற்றிவிட்டு, தன் ஆக்சிஜன் வழியாக இரும்போடு நேரடியாகப் பிணைகிறது. பல நேரங்களில் இரண்டு இரும்பு அணுக்களைச் சேர்த்தே பற்றிக்கொள்கிறது. காரம் சேர்த்தால் நீரின் அமில-கார அளவான பி.எச். ஏறும். அது ஏற ஏற மேற்பரப்பின் நேர்மின்னூட்டம் குறைகிறது. துருவில் காணப்படும் கோத்தைட் என்ற கனிமத்தில் பி.எச். சுமார் 9-ஐத் தாண்டினால் மேற்பரப்பின் மின்னூட்டம் எதிர்மின்னூட்டமாகவே மாறிவிடும். பாஸ்பேட்டுக்கும் எதிர்மின்னூட்டம்தான், பி.எச். 7.2-க்கு மேல் அதன் பெரும்பகுதி இரட்டை எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே விலக்கு விசை கூடுகிறது. இதையெல்லாம் சமன்பாடுகளாக்கிக் கணினியில் தீர்ப்பதுதான் மேற்பரப்புப் பிணைவு மாதிரியாக்கம். பிணைந்த பாஸ்பேட்டின் மின்னூட்டத்தை ஒரே இடத்தில் குவிக்காமல், மேற்பரப்புக்கும் சற்று வெளியே உள்ள தளத்துக்கும் பங்கிட்டுக் கணக்கிடும் முறையை 1996இல் ஹீம்ஸ்ட்ரா, வான் ரீம்ஸ்டைக் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். எவ்வளவு அழகான யோசனை!

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டீர்கள். கழிவுநீரிலிருந்து பாஸ்பேட்டை நீக்க ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பைச் சேர்க்கிறார்கள். ஏரியின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்தால் துருவிலுள்ள ஃபெரிக் இரும்பு, ஃபெரஸ் என்ற எளிதில் கரையும் வடிவமாக மாறிக் கரைகிறது, பிடித்திருந்த பாஸ்பேட்டை விட்டுவிடுகிறது, பாசி பெருகுகிறது. நிலத்தடி நீரிலுள்ள ஆர்சனிக்கை இரும்பு வடிகட்டியால் நீக்கும்போதும் பாஸ்பேட் அதே இடங்களுக்குப் போட்டி போடுகிறது. எனவே நீர் சுத்திகரிப்பு, ஏரி மீட்பு, சுரங்கக் கழிவுநீர், மாசடைந்த நிலம் ஆகிய துறைகளில் இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் தேவை. மென்பொருள் துறையைப் போல வேலைகள் குவிந்திருக்காது. இளங்கலையோடு நிறுத்தவும் முடியாது, முதுகலை வேண்டும். கசப்பானாலும் இதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

படிப்பில் வேதியியலோடு கணிதமும் நிரலாக்கமும் இருக்கட்டும். கணிதத்தை விட்டால் மாதிரியாக்கம் இல்லை. இதில் அவளுக்கும் சலுகை தரமாட்டேன். மைத்துனருக்குக் கணினிமேல்தான் பிடிப்பென்றால், இதுவும் கணினி வேலைதான் என்று சொல்லுங்கள்.

பணம் செலவழிக்கும் முன் இந்த விடுமுறையில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இலவசமாக வழங்கும் ஃபிரீக்சி என்ற நிரலில், துருவின் பரப்பளவையும் பிணைப்பு இடங்களின் எண்ணிக்கையையும் கொடுத்து, பி.எச். 4 முதல் 10 வரை கணக்கிட்டு, தன் அளவீடுகளோடு ஒப்பிடட்டும். முதலில் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் அவள் சலித்து எழுந்துவிடுகிறாளா, இன்னும் நெருங்கி உட்காருகிறாளா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள்.