தோப்புக் கோகோவில் சாக்லேட் வாசனை ஏன் வரவில்லை?

பேராவூரணித் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் காய்த்த கோகோவைக் கழுவி, காயவைத்து, வறுத்து அரைத்தும் வெறும் கசப்புதான் வந்தது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கழுவியதுதான் தப்பு. கொட்டையைச் சுற்றி வெள்ளையாக, புளிப்பும் இனிப்புமாக ஒரு சதை இருக்குமே, எல்லாம் அதில்தான் இருக்கிறது. சதையோடு குவித்து, வாழையிலையால் மூடி, 5 முதல் 7 நாள் புளிக்க விட வேண்டும். இடையில் கிளறிவிட வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும், பாக்டீரியா அதைக் காடியாக்கும். குவியல் 45–50 டிகிரி வரை சுடும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதை செத்து, உள்ளிருக்கும் புரதம் உடையும். வறுக்கும்போது சாக்லேட் மணமாக மாறுவது இப்படி உடைந்த பொருள்கள்தான். துவர்ப்பும் குறையும். குவியல் சின்னதாக இருந்தால் சூடு ஏறாது. ஒரு கூடைப் பழத்தை வைத்து முயன்று நான் பூஞ்சைதான் வளர்த்தேன்.

அப்புறம் காயவைத்து, வறுத்து, முறத்தில் தோலைப் புடைத்துவிடலாம். அரைக்க நம் மாவு கிரைண்டரே போதும். பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு என்பதால் தண்ணீர் இல்லாமலே கூழாகும். ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் கட்டிதட்டிவிடும், ஜாக்கிரதை. பொடித்த சர்க்கரை போட்டு, மோட்டாருக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்து, மணிக்கணக்கில் ஓடவிட்டால்தான் நறநறப்பு போகும்.

கடைசியாக உருக்கி, 28 டிகிரிக்கு ஆறவைத்து, மறுபடி 31 டிகிரிக்கு ஏற்றி அச்சில் ஊற்றுங்கள். பளபளப்பும் 'டக்'கென்று உடைவதும் இதனால்தான் வரும். பருப்பிலுள்ள கொழுப்பான கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். சித்திரை வெயிலில் வேண்டாம், மார்கழியில் செய்து பாருங்கள்.