கேட்காமலே வந்து சேரும் பிரவுசர்: கேள்வி பதில்

கேள்வி: ஏதாவது இலவச மென்பொருளை அப்டேட் செய்தால் புது பிரவுசரும் கூடவே வந்துவிடுகிறது. எப்படி?

பதில்: பெரும்பாலும் நீங்கள் அனுமதித்துத்தான். இன்ஸ்டால் திரையில் புது பிரவுசருக்கான டிக்கை முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார்கள். பிரவுசரைச் சேர்த்துக் கொடுத்தால் மென்பொருள்காரருக்குக் காசு கிடைக்கும். இன்ஸ்டாலரில் 'கஸ்டம்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு திரையையும் படியுங்கள். எரிச்சலில் அப்டேட்டையே நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: வந்ததை நீக்குவது எப்படி?

பதில்: விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் போய், முதலில் உங்கள் பழைய பிரவுசரை இயல்பாக்குங்கள். பிறகு இன்ஸ்டால்டு ஆப்ஸில் புதியதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் விண்டோஸ் கருவி) அதன் அப்டேட் வேலை மிச்சமிருந்தால் அதையும் அழியுங்கள்.

கேள்வி: ஆப்பிளும் இப்படிச் செய்ததாமே?

பதில்: செய்தது. 2008 மார்ச்சில் ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி 3.1 வந்தது. விண்டோஸில் ஆப்பிளின் ஐட்யூன்ஸ், குவிக்டைம் வைத்திருந்தவர்களிடம் அவற்றை அப்டேட் செய்யும் ஆப்பிள் சாஃப்ட்வேர் அப்டேட் என்ற நிரலும் இருந்தது. சஃபாரியே இல்லாத கணினியிலும் அது சஃபாரியை டிக்கோடு பட்டியலில் காட்டியது. இதில் வேடிக்கை, ஆப்பிள் முத்திரையுள்ள கணினியில்தான் நிறுவலாம் என்றது விண்டோஸ் சஃபாரியின் உரிம ஒப்பந்தம்! அதைப் பிறகு திருத்தினார்கள். அப்டேட் என்றால் இருப்பதைச் சரிசெய்வது என்று மக்கள் நம்புகிறார்கள், அந்த நம்பிக்கையை இது கெடுக்கிறது என்று ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தயாரிக்கும் மொசில்லாவின் அப்போதைய தலைமை நிர்வாகி ஜான் லில்லி கண்டித்தார். ஏப்ரலில் ஆப்பிள் 'அப்டேட்ஸ்', 'நியூ சாஃப்ட்வேர்' என்று பட்டியலை இரண்டாகப் பிரித்தது. டிக் அப்படியே இருந்தது.

கேள்வி: லில்லி போட்டிக் கம்பெனிக்காரர். ஃபயர்பாக்ஸுக்காகப் பேசினார், அவ்வளவுதானே?

பதில்: அந்த ஆதாயம் இருக்கட்டும், சொன்னது சரியா என்று பாருங்கள். அதே ஆண்டு மே மாதம் சஃபாரியில் ஒரு ஓட்டை தெரியவந்தது: இணையப் பக்கம் ஒன்று, அனுமதி கேட்காமலே டெஸ்க்டாப்பில் கோப்புகளைக் கொட்டலாம். விண்டோஸ் கோப்புகளைக் கையாளும் முறையோடு இது சேர்ந்தால் தாக்குபவரின் நிரலே ஓடும் என்று மே 30 அன்று மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது. ஜூனில் 3.1.2 வந்த பிறகே தீர்ந்தது.

கேள்வி (அவரே): திறக்காத பிரவுசரால் என்ன ஆபத்து?

பதில்: அந்த ஓட்டையால் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே கணினியை வீட்டில் நாலு பேர் தொடும்போது, ஐகான் இருந்தால் யாராவது திறப்பார்கள். விண்டோஸ் சஃபாரி 2012இல் 5.1.7ஓடு நின்றது. எங்காவது இன்னும் கிடந்தால் அதற்குத் திருத்தம் வராது, நீக்கிவிடுங்கள்.

கேள்வி: எட்ஜை நீக்க முடியவில்லையே?

பதில்: மைக்ரோசாஃப்டின் பிரவுசரான புதிய எட்ஜ் 2020இல் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தால் நீக்க வழி கிடைத்தது. மற்ற இடங்களில் இயல்பு பிரவுசரை மாற்றிக்கொண்டு விட்டுவிடுங்கள். வலுக்கட்டாயமாகப் பிடுங்கும் ஸ்கிரிப்ட் வேண்டாம்.

கேள்வி: தானாக வந்த பிரவுசரை எப்படி எடுப்பது?

பதில்: இரண்டாவது பதில்.

கேள்வி: கைபேசியில்?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: புது பிரவுசர் வந்துவிட்டது, நீக்க ரெஜிஸ்ட்ரி கிளீனர் போடலாமா?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள். கிளீனர் வேண்டாம், அதன் இன்ஸ்டாலரே இன்னொரு பிரவுசரைக் கொண்டுவரலாம். அப்டேட்டை நிறுத்தவும் வேண்டாம்.