ரேடியோக்கடை பதில்கள்: கிறிஸ்துமஸ் பாட்டு

போன இதழில் கடைசி வரியாக ஒன்று கேட்டிருந்தேன்: உங்களுக்குப் பிடித்த கிறிஸ்துமஸ் பாட்டு எது, அதைக் கேட்டால் யார் ஞாபகம் வருகிறது? பத்துக் கடிதம் வந்தால் பெரிது என்று நினைத்தேன். இப்போது மேசை இழுப்பறை மூட மாட்டேன் என்கிறது. உள்ளே கிடந்த ஸ்பீக்கர் காயிலையெல்லாம் பிஸ்கட் டின்னுக்கு மாற்றியாகிவிட்டது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜூந்தையில் ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். 2007-இலேயே ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாய்தான் இன்னும் மாறவில்லை. நான் கிறிஸ்துவன் இல்லை. பால்மரம் வெட்டிய குடும்பம், வீட்டுச் சாமி மாரியம்மன். ஆனால் இந்த ஊரில் உடைந்த, சிக்கிய, இழுத்த கிறிஸ்துமஸ் கேசட் எல்லாம் என் கை வழியாகத்தான் போயிருக்கிறது.

கேள்வி: பனியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் நாம். டிசம்பர் வந்தால் பேரங்காடியில் "வெள்ளைக் கிறிஸ்துமஸ்" பாட்டு. செம்பனைக்கு நடுவில் இருந்துகொண்டு இது கேலிக்கூத்து இல்லையா, அங்கிள்? (வாசகி, கூலிம்)

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் அம்மா. அப்புறம் அந்தப் பாட்டின் கதை தெரிந்தது. எழுதியவர் இர்விங் பெர்லின். அவர் யூதர். கிறிஸ்துமஸ் அவர் பிறந்த வீட்டுப் பண்டிகையே அல்ல. பாட்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் யாரும் பாடாமல் விட்டுவிடுகிற ஒரு பகுதி உண்டு. கலிபோர்னியாவில் வெயில் அடிக்கிறது, புல் பச்சையாக இருக்கிறது, ஆரஞ்சு மரமும் பனை வகை மரமும் ஆடுகின்றன, இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு வடக்கே இருக்கிற பனியை நினைத்து ஏங்குகிறேன் என்று அதில் வரும். ஆக அது பனியில் இருப்பவன் பாடிய பாட்டு அல்ல. வெயிலில், பனைமரத்தடியில் இருப்பவன் பாடியது. நமக்கு இல்லாத உரிமையா!

இன்னொன்று. 1928 டிசம்பர் 25 அன்று, பிறந்து மூன்று வாரமே ஆன பெர்லினின் மகன் இறந்துபோனான். அந்தப் பாட்டில் ஒரு கனம் இருப்பதாக எனக்கு எப்போதும் படும். காரணம் அதுதானா என்று யார் சொல்வது.

தொழில்காரனாக ஒரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். பாடகர் பிங் கிராஸ்பி அதை முதலில் பதிவு செய்தது 1942. அந்த மூலப் பதிவிலிருந்து தட்டுகளை அச்சடித்து அச்சடித்தே அது தேய்ந்துவிட்டது. 1947-இல் மறுபடி பாட வைத்தார்கள். இன்று பேரங்காடியில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது தடவைதான்.

கேள்வி: எண்பதுகளில் அப்பா பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) போனி எம் பாட்டுக்குழுவின் கிறிஸ்துமஸ் கேசட் வாங்கி வந்தார். மேரியின் மகனைப் பற்றிய பாட்டு வந்தால் அப்பா கைலியோடு ஆடுவார். இப்போது அதே பாட்டைக் கைப்பேசியில் கேட்டால் ஏதோ வேறு பாட்டு மாதிரி இருக்கிறது. அவசர அவசரமாக ஓடுகிறது. மாற்றிவிட்டார்களா, அண்ணே? (வாசகர், தெலுக் இந்தான்)

யாரும் மாற்றவில்லை. உங்கள் வீட்டு டேப்பில் பெல்ட் தளர்ந்திருந்திருக்கும்.

கேசட்டில் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். உள்ளே ஒரு ரப்பர் பெல்ட்தான் அதை இழுக்கிறது. நம் ஊர்ச் சூட்டுக்கு ஓரிரு வருடத்தில் அது தொய்ந்துவிடும். வேகம் ஆறு விழுக்காடு குறைந்தால் சுருதி அரைக்கட்டை இறங்கிவிடும். பாட்டு மெதுவாக, கொஞ்சம் கனத்த குரலில் வரும். பழகிவிட்டால் அதுதான் சரி என்று காது முடிவு செய்துகொள்ளும். பாசார் மாலாம் கேசட் என்றால் நகலுக்கு நகல் எடுத்தது வேறு. எங்கேயோ ஒரு மெஷின் இழுத்திருந்தாலும் அந்த இழுப்பும் சேர்ந்து பதிவாகியிருக்கும். கைப்பேசியில் வருவதுதான் உண்மையான வேகம். அப்பா ஆடியது உங்கள் வீட்டு வேகத்துக்கு.

இப்போது கைப்பேசியிலேயே பாட்டின் வேகத்தைக் குறைக்கிற செயலிகள் இருக்கின்றன. சுருதியும் சேர்ந்து இறங்குகிற மாதிரி வைத்து, ஐந்து ஆறு விழுக்காடு குறைத்துக் கேட்டுப் பாருங்கள். சரியாக வந்தால் எனக்கு எழுதுங்கள்.

அந்தப் பாட்டு போனி எம் சொந்தமாகப் போட்டதும் அல்ல. ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் என்பவர் எழுதி, 1956-இல் ஹாரி பெலஃபோன்டே பாடியது. இவர்கள் 1978-இல் வேறொரு பாட்டோடு ஒட்டிப் போட்டார்கள். மேடையில் குதித்து ஆடுவாரே அந்த ஆண், ரெக்கார்டில் கேட்பது அவர் குரல் இல்லை. தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனின் குரல். உங்கள் அப்பா மாதிரி அவருக்கும் ஆட்டம் மட்டும்தான்.

கேள்வி: ஜிங்கிள் பெல்ஸ் எப்போது எழுதினார்கள், தாத்தா? (ஐந்தாம் ஆண்டு மாணவன், சுங்கை சிப்புட்)

1857-இல் அச்சானது. எழுதியவர் ஜேம்ஸ் பியர்பான்ட். முழுப் பாட்டையும் படித்துப் பார், கிறிஸ்துமஸ் என்ற சொல்லே இருக்காது. குதிரை இழுக்கிற பனிச்சறுக்கு வண்டியில் குஷியாகப் போவதைப் பற்றித்தான் பாட்டு. 1965 டிசம்பரில் ஜெமினி 6 விண்கலத்தில் போன இரண்டு விண்வெளி வீரர்கள், கூடவே ஒரு குட்டி மவுத் ஆர்கனையும் சின்ன மணிகளையும் ஒளித்து எடுத்துப்போய் இதை வாசித்தார்கள். விண்வெளியில் வாசித்த முதல் பாட்டு அதுதான். இதை ஆசிரியரிடம் சொல்லு, கைதட்டுவார்.

கேள்வி: எங்கள் தோட்டத்து கேரல் குழு பாடியதை அப்பா பதிவு செய்த ஒரே ஒரு கேசட் இருக்கிறது. அப்பா போய் எட்டு வருடம். நாடாவில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. போட்டுக் கேட்கலாமா? (வாசகி, கிள்ளான்)

போடாதீர்கள். இப்போதைக்குப் போடவே போடாதீர்கள்.

அந்த வெள்ளை பூஞ்சணம். அப்படியே மெஷினில் போட்டால் அங்கே ஒட்டி, நாடா சுற்றிக்கொண்டு அறுந்துவிடும். முதலில் கேசட்டை ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு மூன்று வாரம் மூடி வையுங்கள், ஈரம் போகட்டும். பிறகு முடிந்தால் கைதேர்ந்தவரிடம் கொடுத்து நாடாவைத் துடைக்கச் சொல்லுங்கள். நாடா ஓடுகிற இடத்தில் பஞ்சு மாதிரி ஒரு சின்னத் துண்டு, செம்புத் தகட்டில் ஒட்டியிருக்கும். பழைய கேசட்டில் அது விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் சத்தம் போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். ஐந்து ஸ்க்ரூ போட்ட காலிக் கேசட் ஒன்று வாங்கி நாடாவை அதற்குள் மாற்றினால் அந்தப் பிரச்சினையும் தீரும். உங்களுடையது ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய கூடாக இருந்தால், வீட்டில் கத்தியை விட்டு நெம்பாதீர்கள்.

மெஷினில் நாடாவைப் படிக்கிற தலையையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, முதலில் வேறு கேசட் போட்டுப் பாருங்கள். அது ஒழுங்காக ஓடினால்தான் அப்பாவுடையது. அதையும் உடனே கேட்கக் கூடாது. கடைசிவரை வேகமாகச் சுற்றி, திரும்பவும் சுற்றுங்கள். ஒட்டியிருக்கிற நாடா பிரியும். முதல் தடவை ஓடும்போதே கணினியில் பதிவாக வேண்டும். இரண்டாவது தடவை ஓடுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், 44.1 கிலோஹெர்ட்ஸ், டபிள்யூஏவி கோப்பு. எம்பி3 நகல் பிறகு சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று, காசு செலவில்லாதது. கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னக் காது மாதிரி இருக்கும். இரண்டையும் ஒடித்துவிடுங்கள். ஒடித்தால் யாரும் அதன்மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. இப்போதே எழுந்துபோய் ஒடியுங்கள். ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: எல்லாரையும் கேட்கிறீர்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டு எது, ஐயா? (வாசகர், பந்திங்)

"ஒப்பில்லா திரு இரா." ஆங்கிலத்தில் சைலண்ட் நைட். ஆஸ்திரியாவில் ஓபெர்ன்டோர்ஃப் என்கிற ஊரில், 1818 டிசம்பர் 24 ராத்திரி, கிட்டாரை வைத்துக்கொண்டு முதன்முதலில் பாடினார்கள். வார்த்தை ஜோசப் மோர் என்ற பாதிரியார், மெட்டு ஃபிரான்ஸ் குரூபர் என்ற பள்ளி ஆசிரியர். கோயிலில் இருந்த ஆர்கன் என்ற இசைக்கருவியை எலி கடித்ததால்தான் கிட்டார் என்பது பிற்காலத்தில் சேர்ந்த கதை. ஆனால் அந்தப் பாட்டை அந்த ஊரிலிருந்து முதலில் வெளியே கொண்டுபோனவர் என்று சொல்லப்படுபவர் யார் தெரியுமா? ஆர்கன் வேலைக்கு வந்த கார்ல் மவுராகர். ரிப்பேர்காரர்! எங்கள் ஜாதி.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் ராத்திரி பத்து மணிக்கு இன்ஜினை நிறுத்திவிடுவார்கள், லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) முழுக்க இருட்டாகிவிடும். ரேடியோ எவரெடி பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கினால் தகரக் கூரைமேல் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம். நவம்பர், டிசம்பரில் அந்த வெயிலும் கிடைக்காது. மழை பெய்தால் மரப்பட்டை நனையும், வெட்டினால் பால் மங்குக்கு (பால் பிடிக்கிற கிண்ணத்துக்கு) போகாமல் பட்டையில் பரவி ஓடிவிடும். பெரட்டுக்கு (காலைப் பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு) போய் நின்றுவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான், சம்பளம் இல்லை. தீபாவளிக் கடனும் அப்படியே நிற்கும். இந்த நேரத்தில்தான் கிறிஸ்துமஸ் வரும்.

எதிர் லயத்தில் ஒரு அக்கா இருந்தார். பால்வெட்டு. தோட்டத்துச் சின்னக் கோயிலில் பாட்டுக்கு அவர்தான் தலைமை. 1979 டிசம்பர், கேரல் குழு கேஸ் விளக்கோடும் ஆர்மோனியத்தோடும் எங்கள் வாசலுக்கு வந்தது. அப்போது நான் டவுனில் ஒரு சீனத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) வேலை கற்றுக்கொண்டிருந்தேன். அவருடைய நேஷனல் டேப்பை இரவல் வாங்கி வந்து ஐந்தடியில் (வாசல் நடையில்) வைத்து, சி-60 கேசட்டில் பதிவு செய்தேன். அக்காவுக்குக் குரல் பெரிதில்லை. மூன்று மணிக்கு எழுந்து சோறு ஆக்கிவிட்டு தீம்பாருக்கு (பால்மரக் காட்டுக்கு) ஓடுகிறவருடைய குரல், கொஞ்சம் கரகரப்பு. அந்தப் பாட்டுக்கு அதுதான் பொருத்தம். அதற்கப்புறம் எத்தனையோ பெரிய பாடகர்கள் அதைப் பாடிக் கேட்டுவிட்டேன், பாட்டு எனக்கு எடுபடவில்லை. அம்மா முறுக்கும் கறுப்பு கோப்பியும் கொடுத்தார்.

இரண்டு வருடம் கழித்து, கல்யாண வீட்டுக்கு அவசரமாக சினிமாப் பாட்டு வேண்டும் என்று ஒருவர் வந்தார். கையில் காலிக் கேசட் இல்லை. அலமாரியில் பெயர் எழுதாமல் ஒன்று கிடந்தது. எடுத்துப் போட்டேன். கேசட் கல்யாணத்துக்குப் போய், பாடி முடித்து, திரும்பி வந்த பிறகுதான் அது எது என்று எனக்குத் தெரிந்தது. காதை ஒடிக்காமல் விட்டதும், பெயர் எழுதாமல் விட்டதும் நான்தான். அக்காவிடம் கடைசிவரை சொல்லவில்லை. தோட்டம் செம்பனைக்கு மாறியது, லயத்தை இடித்தார்கள், அவர் மகனோடு டவுன் தாமானுக்கு (குடியிருப்புக்கு) போனார். அங்கேயே காலமானார்.

அவர் மகன் ஒருநாள் ஒரு பழைய டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். அன்றுதான் எனக்குத் துணிவு வந்தது. சினிமாப் பாட்டு முடிந்ததும் நான் நிறுத்தியிருக்கிறேன், ஆனால் நாடா இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்திருக்கிறது. அந்தப் பாக்கியில் பழையது அழியாமல் இருக்கிறது. மொத்தம் பத்தொன்பது வினாடி. பாட்டு இல்லை. ஆர்மோனியத்தின் கடைசி ஸ்வரம் அடங்குகிறது, ஒரு நாய் குரைக்கிறது, அக்கா எங்கள் அம்மாவிடம் சொல்கிறார்: "சின்னம்மா, உங்க மாரியாத்தாகிட்ட சொல்லி வைங்க, இருபத்து நாலு வரைக்கும் மழை வேணாம்னு. பிள்ளைங்களுக்கு இன்னும் துணி எடுக்கல." அம்மா சிரிக்கிறார். அவ்வளவுதான்.

மகன் மூன்று தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை முடிந்ததும், "அண்ணே, அந்த நாய் எங்க மணி தானே?" என்றார்.

கேள்வி: டிசம்பர் 25 கடை உண்டா? என் டேப்பு பாட்டை இழுக்கிறது. (வாசகர், ரவாங்)

கிடையாது. அன்றைக்கு அந்த மகன் வீட்டில் எனக்குச் சாப்பாடு. 26 காலையில் பத்து மணிக்கு மேல் வாருங்கள், பெல்ட் எடுத்து வைக்கிறேன்.