அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக்கை முரட்டுத்தனமாக வீழ்த்தினால் 15 யார்டு தண்டனை விதிப்பது நியாயமா?

தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் வீரரான குவாட்டர்பேக்கைத் தொட்டாலே நடுவர் தவறைக் குறிக்கும் மஞ்சள் கொடியை எறிந்து, அவரது அணியை 15 யார்டு முன்னேற்றிவிடுகிறார் என்றும், பாதுகாப்பு என்ற பெயரில் என்எஃப்எல் எனும் தொழில்முறை லீக்கில் ஆட்டத்தின் உயிரே போய்விட்டது என்றும் கேள்வி கேட்டவர் வருந்தியிருக்கிறார். விஸ்கான்சின் மாநிலத்தில் வசித்துக்கொண்டு, கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் ஆட்டங்களைத் தவறாமல் பார்த்துவருபவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். இந்த விதி யாருடைய எலும்பு முறிந்த பிறகு இறுக்கப்பட்டதோ அவரும் அன்று எங்கள் அணிக்காரர். இறுக்கியதும் அடுத்தடுத்துத் தண்டிக்கப்பட்டவரும் அன்று எங்கள் அணிக்காரர்.

2017 அக்டோபரில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் அந்தோனி பார், பந்தை எறிந்து முடித்திருந்த எங்கள் குவாட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸை வீழ்த்தி, தம் உடல் எடையெல்லாம் அவர்மீது இறங்கும்படி விழுந்தார். ராட்ஜர்ஸின் வலது காறை எலும்பு முறிந்தது; கொடி எதுவும் எறியப்படவில்லை. குவாட்டர்பேக்கின்மீது முழு எடையையும் போட்டு விழக் கூடாது என்ற வாசகத்தை 2018 பருவத்தில் நடுவர்கள் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தத் தொடங்கினர். அந்தப் பருவத்தின் இரண்டாவது வாரத்தில், அதே வைக்கிங்ஸ் அணிக்கு எதிராக நாங்கள் 29–21 என்று முன்னிலையில் இருந்தபோது, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மீதமிருந்த நிலையில் எங்கள் ஜெயர் அலெக்சாண்டர் எதிரணியின் பாஸை இடைமறித்துப் பிடித்தார். ஆட்டம் முடிந்தது என்றே எண்ணினேன். ஆனால் எங்கள் கிளே மாத்யூஸ் வைக்கிங்ஸ் குவாட்டர்பேக் கிர்க் கஸின்ஸை வீழ்த்திய விதம் தவறு என்று கொடி விழுந்து, பந்து மீண்டும் வைக்கிங்ஸ் கைக்குப் போய், ஆட்டம் 29–29 என்று சமனில் முடிந்தது. அந்தக் காட்சியைப் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்தும், ஓடிவந்த வேகத்தில் மாத்யூஸ் வேறு எப்படி விழுந்திருக்க முடியும் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அடுத்த வாரமே மயாமி டால்ஃபின்ஸ் அணியின் வில்லியம் ஹேய்ஸ், தம் எடை எதிரணிக் குவாட்டர்பேக் டெரெக் காரின்மீது விழாதிருக்க உடலைத் திருப்ப முயன்று, முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். ஒருவரைக் காக்கும் விதி இன்னொருவரின் முழங்காலைப் பறித்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், விதியை நீக்க வேண்டும் என்று நான் கூற மாட்டேன். பந்தை எறியும் கணத்தில் குவாட்டர்பேக்கின் கை மேலே உயர்ந்திருக்கும், விலாப்பகுதி திறந்திருக்கும், முன்கால் தரையில் ஊன்றியிருக்கும், கண்கள் தொலைவில் ஓடும் சக வீரரைத் தேடிக்கொண்டிருக்கும். களத்தில் வேறு எவரும் அத்தனை நிராதரவான நிலையில் அடிவாங்குவது அரிது. 2008இன் முதல் ஆட்டத்திலேயே குவாட்டர்பேக் டாம் பிரேடியின் முழங்காலில் எதிரணியின் பெர்னார்ட் பொல்லார்டின் உடல் மோதி, அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆட முடியாமல் போனது. கீழே விழுந்துகிடக்கும் தற்காப்பு வீரர் எறிபவரின் கால்மீது பாயக் கூடாது என்ற தெளிவு அதன் பின்னர்தான் விதியில் வந்தது. தலை, கழுத்து, முழங்கால் ஆகியவற்றைக் காக்கும் பிரிவுகளில் ஒரு சொல்லைக்கூடத் தளர்த்தக் கூடாது என்பதே என் கருத்து.

சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது. சந்தேகம் எழுந்தால் நடுவர் எப்போதும் தண்டனையே விதிக்க வேண்டும் என்று விதிநூல் அறிவுறுத்துகிறது. தலையில் அடி பட்டதா என்ற சந்தேகத்துக்கு இது முற்றிலும் பொருந்தும்; எடை முழுவதும் இறங்கியதா, பாதிதான் இறங்கியதா என்ற சந்தேகத்துக்குப் பொருந்தாது, ஏனெனில் அந்தச் சந்தேகம் ஏறக்குறைய ஒவ்வொரு வீழ்த்தலிலும் எழும். 2022 அக்டோபரில் தற்காப்பு வீரர் கிறிஸ் ஜோன்ஸ், அதே டெரெக் காரின் கையிலிருந்த பந்தையே பறித்துத் தம் கையில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையைத் தரையில் ஊன்றி விழுந்தபோதும், எடை இறங்கியது என்று தண்டிக்கப்பட்டதை எந்த வகையில் நியாயப்படுத்துவது?

கொடி எறிவதும் வீரரைக் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு அதே ஆண்டு செப்டம்பரில் மயாமி குவாட்டர்பேக் டுவா டகோவைலோவாவுக்கு நேர்ந்தது சான்று. பஃபலோ அணிக்கு எதிராக அவர் தள்ளப்பட்டுத் தலை தரையில் மோதியபோது கொடி எறியப்பட்டது. எழுந்து தள்ளாடி நடந்தவரை அதே ஆட்டத்தில் மீண்டும் களமிறக்கினார்கள். நான்கு நாள் கழித்துச் சின்சினாட்டியில் கொடி எறியப்படாத ஒரு வீழ்த்தலில் அவரது தலை மீண்டும் தரையில் மோத, ஸ்ட்ரெச்சரில் கொண்டுசெல்லப்பட்டார். அக்காட்சியை என்னால் முழுவதும் பார்க்க இயலவில்லை. தள்ளாட்டம் தென்பட்டால் அன்று மீண்டும் ஆடக் கூடாது என்று லீக்கும் வீரர்கள் சங்கமும் அதற்குப் பிறகு மருத்துவ நெறிமுறையைத் திருத்தியதை, எந்த 15 யார்டு தண்டனையைவிடவும் மேலான பாதுகாப்பாக நான் மதிக்கிறேன்.

அப்படியானால் என்ன செய்யலாம்? இத்தண்டனையை ரீப்ளே பார்த்துச் சரிசெய்ய வழிவகுக்கும் யோசனையை 2023இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி முன்வைத்தது; அணி உரிமையாளர்கள் ஏற்கவில்லை. அதைவிட எளிய வழி, பந்தை உதைக்கும் கிக்கருக்கான விதியிலேயே இருக்கிறது. அவர்மீது தெரியாமல் இடித்தால் 5 யார்டு மட்டுமே. முரட்டுத்தனமாக மோதினால் 15 யார்டும் தானாகவே கிடைக்கும் ஃபர்ஸ்ட் டவுனும், அதாவது தாக்கும் அணிக்குப் புதிதாகத் தொடங்கும் முயற்சிகளும். எடை இறங்கியது என்ற ஒன்றை மட்டும் இந்த 5 யார்டு வகைக்கு மாற்றி, தலைக்கும் முழங்காலுக்கும் 15 யார்டை அப்படியே விடலாம். தலைக்கவசத்தின் முகக்கம்பியைப் பிடிப்பதற்கு இருந்த இத்தகைய இரண்டு படிகளில் 5 யார்டு படியை 2008இல் நீக்கிவிட்டார்களே என்று சிலர் மறுக்கக்கூடும். ஆனால் அங்கே தற்செயலான தொடுதலைத் தண்டிப்பதையே கைவிட்டார்கள். இங்கே அத்தகைய வீழ்த்தலுக்கு முழுத் தண்டனையும் விதிக்கிறார்கள். 5 யார்டு தண்டனையும் இடைமறிப்பை ரத்துசெய்யும் என்பதால், அன்று அலெக்சாண்டர் பிடித்த பந்து இந்த மாற்றத்தாலும் எங்களுக்குக் கிடைத்திருக்காது என்பதை அறிந்தே இதைப் பரிந்துரைக்கிறேன்.